டேட்டா முடிந்தாலும் ஓடுகிற நிரலாக்கச் சூழல்

இலங்கையின் வடக்கிலுள்ள விசுவமடுவில் என் மாலை வகுப்புக்கு வருகிற பிள்ளைகள் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: “அக்கா, வலைத்தளம் செய்ய எந்த எடிற்றர் நல்லது?” எடிற்றர் என்பது நிரலைத் தட்டச்சிட்டு எழுதும் மென்பொருள். பதில் சொல்வதற்கு முன் நான் மூன்று விடயங்களை விசாரிப்பேன். கணினியில் ரேம் எவ்வளவு? மின்சாரம் போனால் பற்றரி எவ்வளவு நேரம் தாங்கும்? இணையம் யாருடைய கைத்தொலைபேசியிலிருந்து வருகிறது? மூன்றாவது கேள்வி வெளியூர்க்காரருக்கு விநோதமாகப் படலாம். எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் அம்மாவின் கைத்தொலைபேசிதான் வீட்டின் இணையம். அவர் ஆடைத் தொழிற்சாலைக்கு பஸ் ஏறினால் இணையமும் கூடவே போய்விடும். அவர் திரும்பி வரும்வரை அந்தக் கணினி தன்னிடம் இருப்பதை வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும்.

அதனால் என் அளவுகோல் இதுதான். நிரல் எழுதுவது, அதை ஓடவிட்டுப் பார்ப்பது, பிழையைத் தேடுவது, நேற்றைய நிலைக்குத் திரும்புவது, ஐயம் வந்தால் விளக்கம் படிப்பது ஆகிய ஐந்தும் இணையம் இல்லாமல் உங்கள் கணினிக்குள்ளேயே நடக்க வேண்டும். எடிற்றர் இதில் ஒரு பங்கு மட்டுமே. கிளிநொச்சியில் இருந்தாலும் முத்தையன்கட்டில் இருந்தாலும் இந்த ஐந்தும் கைவசம் உள்ளவருக்கு வேலை தடைப்படாது.

முதலில் கணினி

கிணற்றில் எவ்வளவு தண்ணீர் ஊறுகிறது என்று பார்த்துத்தான் பம்ப் வாங்குகிறோம். கணினியையும் அப்படியே பாருங்கள். விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மனேஜர் திறக்கும். நீங்கள் வழக்கமாக வைத்திருக்கும் உலாவிப் பக்கங்களைத் திறந்து விட்டு, ரேமில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள். 4 ஜிபி ரேம் உள்ள கணினியில் விண்டோஸும் உலாவியும் சேர்ந்தே பெரும்பகுதியை எடுத்துவிடும். மிச்சம் இருப்பதுதான் உங்கள் நிரலாக்கச் சூழலுக்கு.

கிளிநொச்சி, வவுனியாக் கடைகளில் பிள்ளைகள் வாங்குவது பெரும்பாலும் பாவித்த மடிக்கணினிகள். அவற்றில் கொஞ்சம் பணம் போடக்கூடியவர்களுக்கு நான் சொல்லும் வரிசை: முதலில் பழைய சுழல்தட்டை எடுத்துவிட்டு வேகமான சேமிப்புத் தட்டான எஸ்எஸ்டி போடுங்கள், அடுத்து ரேமை 8 ஜிபி ஆக்குங்கள். புதுக் கணினி வாங்கும் செலவில் சிறு பகுதியே ஆகும், கணினி வேறு பிறவி எடுத்ததுபோல் ஓடும்.

விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பது, இன்டெல் என்றால், பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் சில்லுகளையும் அதற்குப் பிந்தியவற்றையும்தான். அதற்கு முந்திய மடிக்கணினி உங்களிடம் இருந்தால் தயங்காமல், விண்டோஸுக்குப் பதிலாகப் பாவிக்கக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலேசான பதிப்புக்குப் போங்கள். பென்டிரைவில் ஏற்றி, எதையும் நிறுவாமலே கணினியை அதிலிருந்து இயக்கிப் பார்க்கலாம். வைஃபை எடுக்கிறதா, ஒலி வருகிறதா, திரையின் வெளிச்சம் கூடிக் குறைகிறதா என்று சோதித்துவிட்டு நிறுவினால் போதும். கோப்பு பெரியது, ஒவ்வொருவரும் தனித்தனியாக இறக்க வேண்டியதில்லை. ஒருவர் இரவு டேட்டாவில் இறக்கினால் வகுப்பு முழுவதும் பென்டிரைவில் பகிரலாம். லினக்ஸைப் பகிர்வது சட்டப்படியே அனுமதிக்கப்பட்டது, அதில் ஒளிவுமறைவு எதுவும் தேவையில்லை.

லினக்ஸில் வேலை செய்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நீங்கள் செய்த தளம் கடைசியில் போய் இருக்கப்போகும் சேவர், அதாவது தளத்தை எல்லாருக்கும் தருகிற கணினி, பெரும்பாலும் லினக்ஸில் ஓடும். விண்டோஸ் கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பொருட்படுத்தாது, லினக்ஸ் பொருட்படுத்தும். முல்லைத்தீவில் கருவாடு விற்கும் ஒருவருக்குத் தளம் செய்கிறீர்கள் என்று வையுங்கள். படக் கோப்பின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்குகிறது, நிரலில் சிறிய எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள். வீட்டு விண்டோஸில் படம் அழகாகத் தெரியும். சேவரில் ஏற்றியதும் அந்த இடம் வெறுமையாக நிற்கும். லினக்ஸில் எழுதினால் இது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

எடிற்றர்

4 ஜிபி ரேமும் பழைய தட்டும் என்றால் லினக்ஸில் ஜீனி, விண்டோஸில் நோட்பேட் பிளஸ் பிளஸ். இரண்டும் இலவசம், இரண்டும் சொடுக்கியவுடன் திறக்கும், நிரலுக்கு நிறம் காட்டும், திறந்த குறிக்கு மூடும் குறியைச் சேர்த்துத் தரும். வலைத்தளம் எழுதும் மொழிகளான எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், பிஎச்பி படிக்கிற ஒருவருக்கு முதல் வருடம் முழுவதும் இவை போதும். இலேசான கருவியைப் பாவிப்பவர் கெட்டித்தனம் குறைந்தவர் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் இருந்தால் விஷுவல் ஸ்டூடியோ கோட் வைத்துக்கொள்ளுங்கள். 2015இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது, இன்று உலகெங்கும் பரவலாகப் பாவிக்கப்படுகிறது, எந்தப் பாடத்தைத் தேடினாலும் அதை வைத்தே விளக்கியிருப்பார்கள். அது கனமாக இருப்பதற்குக் காரணம் எலக்ட்ரான் என்ற அடித்தளம். அதற்குள் குரோமியம் உலாவி முழுதாக உட்கார்ந்திருக்கிறது. ஆகவே விஎஸ் கோட் திறப்பது என்பது இன்னோர் உலாவியைத் திறப்பதற்குச் சமம். பாவனைத் தரவுகளை அனுப்பும் பகுதி இல்லாமல் அதே மூல நிரலிலிருந்து கட்டப்பட்ட விஎஸ்கோடியம் என்ற பதிப்பும் இருக்கிறது. டேட்டாவை எண்ணிச் செலவழிக்கிற வீடுகளுக்கு நான் அதைத்தான் சிபாரிசு செய்கிறேன்.

எதை நிறுவினாலும் முதல் வேலையாக அமைப்புகளுக்குள் போய் நான்கு மாற்றங்களைச் செய்யுங்கள். தானாகச் சேமிக்கும் வசதியை இயக்குங்கள், பற்றரி செத்த மடிக்கணினியில் மின்சாரம் போனால் எழுதியது தப்புவது இதனால்தான். எடிற்றர் தானாகப் புதுப்பிக்கப்படுவதை நிறுத்துங்கள். எடிற்றருக்கு வசதி கூட்டும் நீட்சிகள் தானாகப் புதுப்பிக்கப்படுவதையும் நிறுத்துங்கள். விஎஸ் கோட் என்றால் பாவனைத் தரவு அனுப்புவதையும் அணைத்துவிடுங்கள். புதுப்பித்தல் வேண்டாம் என்று சொல்லவில்லை. மாதத்தில் ஓர் இரவு, டேட்டா இருக்கும் நேரமாகப் பார்த்து, நீங்களே கைப்படச் செய்யுங்கள்.

நீட்சிகளில் ஆசை வைக்காதீர்கள். பிஎச்பிக்கு ஒன்று, நிரலை ஒழுங்காக அடுக்கித் தரும் பிரிட்டியர், இவ்வளவோடு தொடங்கலாம். ஓர் ஆச்சரியக்குறி போட்டு டாப் விசையை அழுத்தினால் எச்டிஎம்எல் பக்கத்தின் எலும்புக்கூடு முழுவதும் விரிகிற எம்மெட் வசதி விஎஸ் கோடுக்குள்ளேயே இருக்கிறது, அதற்குத் தனி நீட்சி தேவையில்லை. ஓப்பன் விஎஸ்எக்ஸ் தளத்தில் நீட்சிகளை விஎஸ்ஐஎக்ஸ் கோப்பாக இறக்கி வைக்கலாம். அந்தக் கோப்பைப் பென்டிரைவில் கொண்டுபோய் இணையமே இல்லாத கணினியிலும் நிறுவலாம். என் வகுப்பில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

பழைய காணொளிகளைப் பார்த்து அட்டம், பிராக்கெட்ஸ் என்ற எடிற்றர்களைத் தேடி வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிராக்கெட்ஸுக்கான ஆதரவை அடோபி 2021 செப்டம்பரில் முடித்தது. அட்டத்தை, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் 2022 டிசம்பர் 15இல் மூடியது. இரண்டையும் புதிதாகத் தொடங்க வேண்டாம். வெப்ஸ்டோர்ம் என்ற எடிற்றர் 2024 ஒக்டோபரிலிருந்து வணிக நோக்கமற்ற பாவனைக்கு இலவசம். அருமையான கருவி, ஆனால் கனமானது. ஒரு கடைக்குத் தளம் செய்து பணம் வாங்கும் நாளில் அதற்கு உரிமம் வாங்க வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது.

தானாக நிரல் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு உதவியாளர்களைப் பற்றியும் கேட்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை இணையம் இருந்தால்தான் பேசும். முதல் தளத்தை நீங்களே எழுதி முடிக்கும்வரை அணைத்து வையுங்கள். பிழைச் செய்தியை வாசித்து விளங்கிக்கொள்ளும் பழக்கம் அந்தக் காலத்தில்தான் வரும்.

தமிழை வைத்துச் சோதியுங்கள்

பொதுவான வழிகாட்டிகள் தொடாத பகுதி இது. எங்களுக்கோ இதுதான் முக்கியம். நாங்கள் தளம் செய்து கொடுக்கப்போவது தமிழில் வாசிக்கிற மக்களுக்கு. அரிசி ஆலையின் விலைப்பட்டியலும் கூட்டுறவுச் சங்கத்தின் அறிவித்தலும் தமிழில்தான் வரும்.

எடிற்றரைத் தேர்ந்தெடுக்கும்போது வெற்றுக் கோப்பு ஒன்றில் ‘கொக்கிளாய்’ என்று தட்டச்சிடுங்கள். ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னால் ஒழுங்காக வந்து நிற்கிறதா? புள்ளி எழுத்தின் தலைக்கு மேல் இருக்கிறதா, பக்கத்தில் தனியாக மிதக்கிறதா? நான் சொன்ன மூன்று எடிற்றர்களிலும் நல்ல தமிழ் எழுத்துரு நிறுவியிருந்தால் சரியாக வரும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை நிறுவி, எடிற்றரின் எழுத்துரு அமைப்பில் ஆங்கில எழுத்துருவுக்கு அடுத்த பெயராக அதைச் சேர்த்துவிடுங்கள். கட்டளைகளை எழுத்தில் கொடுக்கும் திரையான டெர்மினலுக்குள் ஓடுகிற விம் போன்ற எடிற்றர்களை நான் பிள்ளைகளுக்குச் சிபாரிசு செய்யாததற்குக் காரணமும் இதுவே. விம் 1991 முதல் நிலைத்து நிற்கிற சிறந்த கருவிதான், ஆனால் பல டெர்மினல்கள் கொம்பையும் புள்ளியையும் இடம் மாற்றி வைக்கின்றன. பின்னழிவு விசையை அழுத்தும்போது ‘கு’ முழுதாகப் போகாமல் ‘க’ மிஞ்சினால் பயப்பட வேண்டாம். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடில் அது இரண்டு குறிகளாக இருப்பதால் அப்படி நடக்கிறது.

அடுத்தது நீளம். ‘முல்லைத்தீவு’ என்ற சொல்லை எடுங்கள். எங்கள் கண்ணுக்கு ஆறு எழுத்து. ஜாவாஸ்கிரிப்டில் அதன் நீளத்தைக் கேட்டால் 12 என்று சொல்லும், ஏனென்றால் மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. பிஎச்பியின் சாதாரண நீளச் சார்பு 36 என்று சொல்லும், யூனிகோடைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் எடுப்பதால். இந்த வித்தியாசம் தெரியாமல் ‘தலைப்பு 20 எழுத்துக்குள் இருக்க வேண்டும்’ என்று அந்தப் பிஎச்பிச் சார்பை வைத்துப் படிவத்துக்குக் கட்டுப்பாடு போட்டால், ஊர்ப் பெயரைக்கூட முழுதாக எழுத முடியாது. நீளமான செய்தியை நடுவில் வெட்டிக் காட்டும்போது கடைசி எழுத்து உடைந்து கேள்விக்குறியாகும். ஆகவே சூழலை அமைக்கும்போதே பிஎச்பியில் பல மொழி எழுத்துகளைக் கையாளும் எம்பிஸ்ட்ரிங், இன்டில் என்ற இரண்டு நீட்சிகளும் இயங்குகின்றனவா என்று பாருங்கள். விண்டோஸ் நிறுவல்களில் இன்டில் அணைந்திருந்தால் பிஎச்பியின் அமைப்புகள் உள்ள ஐஎன்ஐ கோப்பில் அந்த வரியின் முன்னாலுள்ள அரைப்புள்ளியை அழித்துச் சேவரை மறுபடி தொடக்குங்கள். அதன்பின் அதே சொல்லை இன்டிலின் எழுத்து எண்ணும் சார்பிடம் கேட்டால் 6 என்று வரும். அந்த ஆறு திரையில் வருகிற நேரத்தில் வகுப்பில் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இன்னும் ஒன்று, பாமினி. அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் பல வருடங்களாக, ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் கொடுக்கும் பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட கோப்புகள் குவிந்து கிடக்கின்றன. அப்படி ஒரு விலைப்பட்டியலை எடிற்றரில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் இடையிடையே அரைப்புள்ளிகளுமாக வரும். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி இருப்பது அரைப்புள்ளி விசையில். அந்த அரைப்புள்ளிகளைக் கண்டால் கோப்பு பாமினி என்று உடனே தெரிந்துகொள்ளலாம். யூனிகோடுக்கு மாற்றிய பிறகே தளத்தில் ஏற்றுங்கள். மாற்றியபின் ‘கொக்கிளாய்’ என்று தேடியும் கிடைக்கவில்லை என்றால், மாற்றித் தந்த மென்பொருள் ‘கொ’வின் கொம்பையும் காலையும் இரண்டு குறிகளாக விட்டிருக்கக்கூடும். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், தேடலுக்கு வேறு. இன்டில் நீட்சியிலுள்ள நோர்மலைசர் அவற்றை ஒரே வடிவமாக்கிவிடும். பாமினி விசைக்குக் கை பழகியவர்கள் விண்டோஸில் என்எச்எம் ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருளைப் போட்டால் அதே விசையமைப்பில் யூனிகோடு தட்டச்சிடலாம், புதிதாகப் பழக வேண்டியதில்லை.

வீட்டுக்குள் ஒரு சேவர்

எச்டிஎம்எல் மட்டும் என்றால் பைத்தான் மொழியோடு வரும் சிறு சேவர் மென்பொருளே போதும். ஆனால் நான் பிள்ளைகளைச் சீக்கிரமே பிஎச்பிக்குக் கொண்டுபோய்விடுவேன். சிறு கடைகள் வாங்குகிற மலிவான ஹோஸ்டிங்கில், அதாவது தளத்தை வைக்கும் வாடகை இடத்தில், பிஎச்பியும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளமும்தான் கிடைக்கும், வேலையும் அங்கேதான் கிடைக்கும். 2012இல் வந்த 5.4 பதிப்பிலிருந்து பிஎச்பிக்குள் சோதனைக்கான சேவர் ஒன்று கூடவே வருகிறது. டெர்மினலில் ஒரு வரி எழுதினால் 8000ஆம் போர்ட்டில் உங்கள் தளம் திறக்கும்.

தரவுத்தளத்துக்கு முதலில் எஸ்கியூலைட் எடுங்கள். தரவு முழுவதும் ஒரே கோப்பில் இருக்கும், பென்டிரைவில் அப்படியே கொண்டுபோகலாம், திடீரென்று மின்சாரம் போனாலும் தாங்குகிற வகையில் அமைக்கப்பட்டது. பிஎச்பியில் தளம் கட்ட உதவும் லாரவெல்லின் 11ஆம் பதிப்பு 2024 முதல் இதையே இயல்பான தெரிவாக வைத்திருக்கிறது. வாடிக்கையாளர், தளத்தைத் தானே நிர்வகிக்க உதவும் வேர்ட்பிரஸ் கேட்டால் அப்போது எக்ஸாம்ப் போடுங்கள். அதில் அப்பாச்சி, மரியாடிபி, பிஎச்பி எல்லாம் ஒரே பொதியில் வரும். அந்த மரியாடிபி தரவுத்தளம் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுந்தால் மறுபடி தொடங்க மறுக்கலாம். 2022இல் நாட்டில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போன காலத்தை நினைத்துக்கொண்டு, மாலையில் வேலை முடித்ததும் தரவுத்தளத்தை எஸ்கியூஎல் கோப்பாக ஏற்றுமதி செய்து வைப்பதை வழக்கமாக்குங்கள். அட்டவணைகளை உருவாக்கும்போது யூடிஎஃப்-8எம்பி4 என்பதைத் தெரிவு செய்யுங்கள், தமிழோடு படக்குறிகளும் தப்பும்.

ஜாவாஸ்கிரிப்டில் இயங்கும் நோட், ரியாக்ட் என்ற கருவிகளின் பக்கம் போக விரும்புகிறவர்கள் போகலாம், அவசரமில்லை. ஒவ்வொரு திட்டத்துக்கும் இறக்கும் பொதிகள் நூற்றுக்கணக்கான எம்பியை விழுங்கக்கூடும். பிஎன்பிஎம் என்ற கருவி ஒருமுறை இறக்கிய பொதியைக் கணினியில் ஒரே இடத்தில் வைத்து எல்லாத் திட்டங்களுக்கும் கொடுக்கும். டேட்டாவும் தட்டிடமும் இரண்டும் மிச்சம். ரியாக்ட் திட்டத்தைத் தொடங்கித் தந்த கிரியேட் ரியாக்ட் ஆப் கைவிடப்பட்டதாக 2025 பெப்ரவரியில் அறிவித்துவிட்டார்கள், புதிதாகத் தொடங்குபவர் வீட் எடுங்கள்.

தளத்தைக் கைத்தொலைபேசியில் பார்ப்பது எப்படி? வாடிக்கையாளரின் ஆட்கள் எல்லாரும் அதில்தான் பார்க்கப்போகிறார்கள். கைத்தொலைபேசியில் ஹொட்ஸ்பொட்டை இயக்கி மடிக்கணினியை அதில் இணையுங்கள். மொபைல் டேட்டாவை அணைத்துவிடலாம். சேவரை லோக்கல்ஹோஸ்ட் என்று தொடக்காமல் நான்கு பூச்சிய முகவரியில் (0.0.0.0) தொடக்குங்கள், அப்போதுதான் வெளியிலிருந்து வரும் கருவியும் அதைப் பார்க்கும். மடிக்கணினியின் ஐபி முகவரியையும் போர்ட் எண்ணையும் கைத்தொலைபேசியின் உலாவியில் எழுதினால் தளம் திறக்கும். விண்டோஸின் ஃபயர்வோல் கேட்டால் அனுமதியுங்கள். ஒரு எம்பிகூடச் செலவாகாது. வெயிலில் பிடித்து, எழுத்தின் நிறம் தெரிகிறதா என்றும் பாருங்கள். அதன்பின் மடிக்கணினியின் உலாவியில் எஃப்12 அழுத்தி, நெட்வேர்க் பகுதியில் வேகத்தை 3ஜி அளவுக்குக் குறைத்துத் திறந்து பாருங்கள். ஒட்டுசுட்டானுக்கு அப்பால் அலைவரிசை மெலிகிற இடத்தில் இருப்பவருக்கு உங்கள் தளம் எப்படித் திறக்கும் என்று அப்போது தெரியும்.

விளக்கமும் காப்பும்

ஸீல் என்ற மென்பொருளில் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், பிஎச்பி விளக்கங்களை இறக்கி வைத்தால் இணையமின்றித் தேடிப் படிக்கலாம். டெவ்டாக்ஸ் தளத்திலும் உலாவிக்குள்ளேயே சேமித்து வைக்கும் வசதி உண்டு. பிஎச்பி கையேட்டை அதன் தளத்திலிருந்து முழுதாக இறக்கலாம். ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன, பழகிக்கொள்ளுங்கள்.

நிரலின் ஒவ்வொரு நிலையையும் பதிந்து வைக்கும் கிட் கட்டாயம். 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய இந்தக் கருவி முழு வரலாற்றையும் உங்கள் கணினியிலேயே வைத்திருக்கும், பதிவுசெய்ய இணையம் தேவையில்லை. பென்டிரைவில், வரலாற்றை மட்டும் வைத்திருக்கும் வெறும் களஞ்சியம் ஒன்றை உருவாக்கி, கிட்ஹப்புக்கு அனுப்புவதுபோலவே அதற்கும் அனுப்பலாம். மாரிகாலத்தில், ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, இடி மின்னல் தொடங்கினால் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு அந்தப் பென்டிரைவுக்கு ஒருமுறை அனுப்பிவிடுங்கள்.

எல்லாம் நிறுவியபின் வைஃபையை அணைத்து, சார்ஜரையும் கழற்றிவிட்டு, ஒரு மணித்தியாலம் உட்காருங்கள். ஒரு படிவம் செய்து, அதில் எழுதிய ஊர்ப் பெயரை எஸ்கியூலைட்டில் சேமித்து, மறுபடி திரையில் காட்டி, கிட்டில் பதிவுசெய்யுங்கள். பெரும்பாலும் இரண்டு இடங்களில் தடுக்கும். தயாராக எழுதிய சிஎஸ்எஸ் தொகுப்பான பூட்ஸ்ட்ராப்பை வெளித் தளத்திலிருந்து இணைத்திருப்பீர்கள், பக்கம் கலைந்து நிற்கும். எழுத்துருவை கூகுள் ஃபொன்ட்ஸிலிருந்து எடுத்திருப்பீர்கள், எழுத்து மாறித் தெரியும். இரண்டின் கோப்புகளையும் இறக்கித் திட்டத்தின் கோப்புறைக்குள்ளேயே வைத்து, இணைப்பு முகவரிகளை மாற்றுங்கள். பிறகு அதே கோப்புறையை அப்படியே வகுப்பில் மற்றவர்களுக்கும் பிரதி எடுத்துக் கொடுங்கள், அவர்கள் மறுபடி இறக்க வேண்டியதில்லை.